கத்தி யார் கையில்?

துண்டுத் துணிகளை ஒட்டி ரஜாய் தைக்கும் பெண்களுக்குத் துணி வெட்டும் மெஷின் வரமாகவும் வரலாம், வம்பாகவும் வரலாம். எது என்பது விலைப்பட்டியலில் இல்லை.

இரட்டைக் கட்டிலுக்கு ஒரு ரஜாய். அகலம் 90 அங்குலம், நீளம் 108 அங்குலம். மேல்பக்கம் முழுக்க ஐந்து அங்குலச் சதுரத் துண்டுகள். நான்கு புறமும் தையலுக்குக் கால் அங்குலம் போனால் ஒவ்வொரு துண்டும் நாலரை அங்குலமாகிவிடும். அகலவாட்டில் 20, நீளவாட்டில் 24. ஆக, ஒரு ரஜாய்க்கு 480 துண்டுகள். 100 ரஜாய்க்கு ஆர்டர் வந்தால் 48,000 துண்டுகள்.

இத்தனையையும் கத்தரிக்கோலால் வெட்டினால் கட்டைவிரல் காய்த்துப்போகும் என்பது ஒரு புறம். கடைசித் துண்டு முதல் துண்டைப் போல இருக்காது என்பது அதைவிடப் பெரிய தொல்லை. ஒரு துண்டுக்கு ஒரு மில்லிமீட்டர் கூடினாலும் 24 துண்டுகள் சேர்ந்த வரிசையில் அது 24 மில்லிமீட்டர், ஏறக்குறைய ஓர் அங்குலம். ஓரம் கோணும். மூலைகள் சேராது. வாங்க வந்தவர் அளவு நாடாவை வைத்துப் பார்த்துவிட்டு மூட்டையைத் திருப்பி அனுப்புவார். பழி தைத்தவள் மேல் விழும். தவறு நடந்ததோ வெட்டும் மேஜையில்.

அதனால்தான் வீட்டில் நாலைந்து பேர் சேர்ந்து தைக்கும் குழுவாக இருந்தாலும், கூட்டுறவுச் சங்கமாக இருந்தாலும், ஆர்டர் கொஞ்சம் பெருத்ததும் முதலில் எழும் கேள்வி: வெட்டுவதற்கு எந்த மெஷினை வாங்குவது?

இந்தியப் போர்வைகளில் பலவற்றுக்கு இந்தக் கேள்வியே கிடையாது. வங்காளத்துக் காந்தா பழைய சேலைகளையும் வேட்டிகளையும் அடுக்கி, ஓட்டுத்தையல் போட்டு உருவாவது. வெட்டுவது அரிது. கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்தில் ஆப்பிரிக்க வம்சாவளியினரான சித்தி இனப் பெண்கள் தைக்கும் கவந்தி, ஓரத்திலிருந்து தொடங்கி நடுவை நோக்கி நகரும். கிடைத்த துணி கிடைத்த வடிவத்திலேயே அதில் இடம்பிடிக்கும். ஜெய்ப்பூர் ரஜாயின் மேல்துணி பெரும்பாலும் அச்சிட்ட முழுத்துணி. ஒரே அளவில் ஆயிரக்கணக்கான துண்டுகள் வேண்டும் என்ற நிர்ப்பந்தம் கடைக்காக, அதுவும் தூரத்துக் கடைக்காகத் தைக்கும்போதுதான் வருகிறது.

துண்டுத் துணியில் பிழைத்தவர்கள்

துண்டுத் துணியும் பெண்களின் கூலியும் எப்படிப் பின்னிக்கிடக்கின்றன என்பதற்கு அகமதாபாத்தைவிட நல்ல உதாரணம் கிடையாது. 1861இல் அங்கே முதல் துணி ஆலை ஓடத் தொடங்கியது. பிறகு ஊரே ஆலைகளின் ஊரானது. ஆலைகள் கழித்துப்போடும் துண்டுத் துணிக்கு அங்கே ‘சிந்தி’ என்று பெயர். (மொழிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.) பழைய நகரின் தரியாப்பூர் பகுதியில் முஸ்லிம் பெண்கள் வீட்டிலேயே தையல் மெஷினை வைத்துக்கொண்டு இந்தச் சிந்தியை ஒட்டி ‘கோல்’ எனப்படும் ரஜாய் உறை தைத்துவந்தார்கள். மலிவான உறை. ஏழைகள் வாங்குவது.

சிந்தி வியாபாரியிடமிருந்து வரும். தைத்த உறை வியாபாரியிடமே போகும். துணியின் விலையும் அவர் சொல்வதுதான், தைத்த கூலியும் அவர் சொல்வதுதான். எலா பட் 1972இல் தொடங்கிய ‘சேவா’ சங்கம் 1970களின் பிற்பகுதியில் இந்தப் பெண்களைத் திரட்டியது. கூலி உயர்வு கேட்டார்கள். வியாபாரிகள் கொடுத்த பதில், சங்கத்தில் சேர்ந்தவர்களுக்கு வேலை இல்லை என்பது. அப்போது பிறந்ததுதான் ‘சபீனா’ என்ற பெண்கள் கூட்டுறவு. தைக்கத் தெரிந்தவர்களுக்குத் துணி எங்கிருந்து வரும் என்பதுதான் அதன் முதல் கவலையாக இருந்தது.

1980களிலும் 1990களிலும் அகமதாபாத்தின் ஆலைகள் வரிசையாக மூடப்பட்டன. ஆலைச் சிந்தி சுருங்கியது. ஆனால் அந்தப் பெண்கள் கற்ற பாடம் பழசாகவில்லை. தைப்பவள் கையில் தையல் மெஷின் இருந்தால் மட்டும் போதாது. தையலுக்கு முந்தைய கட்டம் யாரிடம் இருக்கிறதோ, கூலியின் கடிவாளம் அவரிடம் இருக்கிறது. அன்று அந்தக் கட்டம் துணி. இன்று அளவு பிசகாத ரஜாய் கேட்கும் சந்தையில் அது வெட்டும் மேஜை.

ஐந்து வழிகள்

சந்தையில் இருப்பவற்றை ஐந்து வகையாகப் பிரிக்கலாம்.

முதலாவது, கையால் உருட்டும் வட்டக்கத்தி. பீட்ஸா வெட்டும் சக்கரம் போன்ற பிளேடு, பிடியோடு இருக்கும். ஜப்பானின் ஓல்ஃபா கம்பெனி 1979இல் இதை அறிமுகப்படுத்தியது. அமெரிக்காவில் ஒட்டுத்துணிப் போர்வை தைப்பவர்களின் பழக்கத்தையே இது மாற்றிப்போட்டது. அடியில் ஒரு பாய், மேலே தடித்த பிளாஸ்டிக் அளவுகோல், அதை ஒட்டி ஓர் உருட்டு. 45 மில்லிமீட்டர் பிளேடு நான்கு அடுக்குப் பருத்தியைச் சுலபமாக வெட்டும். மின்சாரம் வேண்டாம். அளவுகோல் நழுவாதவரை கோடு பிசகாது.

இரண்டாவது, மோட்டார் வைத்த சிறிய ரவுண்ட் கட்டர். ஒரு கையால் பிடித்து நகர்த்தலாம். 100 மில்லிமீட்டர் பிளேடு உள்ள ரகம் பரவலாகக் கிடைக்கிறது. மெல்லிய பருத்தியில் 40 அடுக்கு வரை நிதானமாக வெட்டும். வீட்டு மின் இணைப்பே போதும். ஆனால் இதற்கு ஓர் இயற்கைக் குறை உண்டு. பிளேடு வட்டமாக இருப்பதால் மேல் அடுக்கு முன்னாலும் அடி அடுக்கு பின்னாலும் வெட்டுப்படுகிறது. நேர்கோட்டில் இந்த வித்தியாசம் தெரியாது. மூலையில் நிறுத்தினால் மேல் துணி கூடுதலாக வெட்டுப்பட்டிருக்கும், அல்லது அடித்துணி வெட்டுப்படாமல் நிற்கும். சதுரமும் பட்டையும் வெட்டுபவர்களுக்கு இது தோழன். பூவும் இலையும் வெட்டுபவர்களுக்கு அல்ல.

மூன்றாவது, ஸ்ட்ரெய்ட் நைஃப். திருப்பூர் கட்டிங் மாஸ்டர்களுக்கு அறிமுகம் தேவையில்லாத மெஷின். நின்ற வாக்கில் இருக்கும் நீளக் கத்தி மேலும் கீழுமாக அதிவேகமாக ஓடும். அமெரிக்காவின் பஃபலோ நகரில் 1888இல் தொடங்கிய ஈஸ்ட்மன் கம்பெனியின் பெயர் இந்த வகையோடு ஒட்டிக்கொண்டது. எட்டு அங்குலம், பத்து அங்குலம் என்று கத்தியின் உயரத்தைச் சொல்லித்தான் வாங்குவார்கள். எல்லா அடுக்கும் ஒரே இடத்தில் வெட்டுப்படுவதால் வளைவும் மூலையும் இதற்குச் சிரமமில்லை. ஆனால் கனமான மெஷின். 15 கிலோ அளவில் இருக்கும். நின்றுகொண்டு தள்ள வேண்டும். நீளமான, உறுதியான மேஜை வேண்டும்.

நான்காவது, பேண்ட் நைஃப். இங்கே மெஷின் நகராது. மேஜைக்கு நடுவே வளையமாக ஓடும் பட்டைக் கத்தியை நோக்கித் துணிக் கட்டைத் தள்ள வேண்டும். சின்னத் துண்டுகளைத் துல்லியமாக வெட்ட இதற்கு ஈடு குறைவு. அறையில் பாதியை இது பிடித்துக்கொள்ளும். விலையும் அதிகம்.

ஐந்தாவது, அச்சு. வேண்டிய வடிவத்தில் வளைத்த எஃகுப் பட்டையைத் துணியின் மேல் அழுத்துவது. ஆம்பூர், வாணியம்பாடி ஷூ தொழிற்சாலைகளில் தோல் வெட்டுகிற அதே முறை. அமெரிக்காவில் அக்யூகில்ட் போன்ற கம்பெனிகள் ரஜாய் தைப்பவர்களுக்காகவே கைப்பிடியைச் சுழற்றி இயக்கும் சிறிய உருளை மெஷின்களை விற்கின்றன. ஒரு தடவைக்கு ஆறு அடுக்குப் பருத்தி. எந்தத் துண்டும் இன்னொன்றிலிருந்து மாறாது. ஆனால் ஒவ்வொரு வடிவத்துக்கும், ஒவ்வொரு அளவுக்கும் தனி அச்சு வாங்க வேண்டும்.

இவற்றைத் தவிர லேசரும் கம்ப்யூட்டர் கட்டரும் உண்டு. லேசர் செயற்கை இழைத் துணியின் ஓரத்தை உருக்கி அடைத்துவிடும். பருத்தியில் ஓரம் கருகிப் பழுப்பேறும். கம்ப்யூட்டர் கட்டர் பெரிய ஆலைகளின் சமாச்சாரம்.

கணக்கு சொல்வது

விற்பனையாளர் சொல்லும் முதல் வாக்கியம் எப்போதும் ஒன்றுதான்: இது அதிகமாக வெட்டும். அது பொய்யல்ல. ஆனால் அவ்வளவு வெட்ட வேண்டியிருக்கிறதா என்பதுதான் கேள்வி.

பழைய கணக்குக்கே திரும்பலாம். 44 அங்குல அகலத் துணியை ஒரு மீட்டர் நீளத்துக்கு விரித்தால் ஐந்து அங்குலச் சதுரம் அகலத்தில் எட்டு, நீளத்தில் ஏழு. அடுக்குக்கு 56 துண்டுகள். 100 ரஜாய்க்கு வேண்டிய 48,000 துண்டுகளை நான்கு அடுக்காக உருட்டுக் கத்தியில் வெட்டினால் 215 முறை துணி விரிக்க வேண்டும். 40 அடுக்கு வெட்டும் சிறிய ரவுண்ட் கட்டரில் 22 முறை. 100 அடுக்கு என்பது ஸ்ட்ரெய்ட் நைஃபுக்கு விளையாட்டு. அதில் ஒன்பது முறை.

215இலிருந்து 22க்கு வருவது பெரிய பாய்ச்சல். 22இலிருந்து ஒன்பதுக்கு வருவது அத்தனை பெரிதல்ல. மாதம் பத்து ரஜாய் மட்டும் தைக்கும் குழுவுக்கு 4,800 துண்டுகள் போதும். ரவுண்ட் கட்டரில் மூன்று முறை விரித்தால் முடிந்தது. உருட்டுக் கத்தியில்கூட 22 முறைதான். ஸ்ட்ரெய்ட் நைஃபில் ஒரே முறை. மீதி 29 நாளும் அது துணி போர்த்திக்கொண்டு தூங்கும். அதற்காக வாங்கிய கடனின் வட்டி தூங்காது.

துணி ஒரே அகலத்தில் தாராகக் கிடைப்பவர்களுக்குத்தான் இந்தக் கணக்கும். கழிவுத் துணியில் தைப்பவர்களின் நிலைமை வேறு. ஒரு துண்டு முக்கோணம், ஒன்று நீளப் பட்டை, ஒன்று கைக்குட்டை அளவு. இதை 40 அடுக்காக விரிப்பது எப்படி? எவ்வளவு உயர்ந்த ஸ்ட்ரெய்ட் நைஃபும் இங்கே உபயோகமில்லை. அச்சு முறை இங்கேதான் கைகொடுக்கிறது. துண்டு அச்சைவிடச் சற்றுப் பெரிதாக இருந்தால் போதும். ஆறு துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து அழுத்தலாம். ஒரு ரஜாயின் 480 துண்டுக்கு 80 அழுத்தல்கள். இரண்டு அளவுச் சதுரமும் ஒரு பட்டையுமாக மூன்று அச்சு இருந்தால் மூட்டையில் வரும் சிந்தியில் பெரும்பகுதியைப் பயன்படுத்திவிடலாம். பனியன் துணிக் கழிவு என்றால் எச்சரிக்கை தேவை. இழுத்தால் நீளும் துணி, வெட்டிய பின் சுருங்கிச் சதுரம் செவ்வகமாகிவிடும்.

விரலின் விலை

மெஷின் விற்பவர் கடைசியில் சொல்வது, அல்லது சொல்லாமலே விடுவது, விரலைப் பற்றியது.

ஸ்ட்ரெய்ட் நைஃபிலும் பேண்ட் நைஃபிலும் துணியைப் பிடிக்கும் கை கத்திக்குச் சில அங்குலங்களில் இருக்கும். இதற்கென்றே எஃகு வளையங்களைக் கோத்துச் செய்த கையுறை உண்டு. மெஷினோடு ஒப்பிட்டால் அதன் விலை சொற்பம். ஆனால் முதலில் கழற்றி வைக்கப்படுவதும் அதுதான். காரணம்: கனமாக இருக்கிறது, வேர்க்கிறது, துணி கைக்குப் பிடிபடவில்லை, துண்டுக் கணக்கில் கூலி என்பதால் வேகம் குறைகிறது. பெரிய ஆண் கைக்குச் செய்த கையுறை சிறிய கையில் கழன்று விழுவதும் உண்டு. மெஷின் வாங்கும்போதே வெட்டுபவரின் கைக்குச் சரியான அளவில் கையுறையும் வாங்காவிட்டால் அது ஆணியில் தொங்கும்.

சட்டம் காப்பாற்றும் என்று இருந்துவிட முடியாது. அபாயமான மெஷின் பாகங்களுக்குத் தடுப்பு வேண்டும் என்று 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் சொன்னது. ஆனால் மின்சாரத்தோடு இயங்கும் இடத்தில் பத்துப் பேராவது வேலை செய்தால்தான் அது தொழிற்சாலை. 2020இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய பணியிடப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு அந்த எண்ணிக்கையை 20 ஆக உயர்த்தியது. நாலு பெண்கள் சேர்ந்து ஒரு வீட்டுத் திண்ணையில் ரஜாய் தைக்கும் இடம் இரண்டு கணக்கிலும் வராது. அங்கே இன்ஸ்பெக்டரும் அவர்கள்தான், கங்காணியும் அவர்கள்தான். தூக்கத்திலிருந்து எழுந்து நேராக மெஷினைத் தொடும் குழந்தை இருக்கும் வீடும் அதுவே. பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான் பிளேடைத் தொடுவது, வேலை முடிந்ததும் மெஷினைப் பூட்டி வைப்பது, எர்த் இணைப்பு இல்லாத சுவிட்சில் செருகாதது ஆகிய மூன்றும் எந்த மெஷினுக்கும் பொது. உருட்டுக் கத்தியும் இதற்கு விலக்கல்ல. மூடியைப் போடாமல் மேஜையில் வைத்த கத்தி, தேடும் கையைத்தான் முதலில் கண்டுபிடிக்கும்.

மழுங்கிய பிளேடு கூர்மையான பிளேடைவிட ஆபத்தானது. மழுங்கினால் அழுத்தித் தள்ள வேண்டியிருக்கும். அழுத்தும்போதுதான் கை நழுவும். அடுக்கும் நகரும். செயற்கை இழை கலந்த துணி என்றால் சூட்டில் ஓரங்கள் உருகி அடுக்குகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஸ்ட்ரெய்ட் நைஃபில் சாணை பிடிக்கும் பட்டை மெஷினிலேயே இருக்கும். சிறிய ரவுண்ட் கட்டர் பலவற்றிலும் சாணைக்கல் உண்டு. உருட்டுக் கத்தியில் பிளேடையே மாற்ற வேண்டும். எந்த மெஷினாக இருந்தாலும் பிளேடு உள்ளூரில் கிடைக்கிறதா என்று கேட்காமல் வாங்கினால், முதல் பிளேடு மழுங்கும் நாளே மெஷினின் கடைசி நாள்.

யார் வெட்டுவது?

தையல் தொழிலில் ஒரு பழைய ஏற்பாடு உண்டு. வெட்டுபவர் பெரும்பாலும் ஆண், மாஸ்டர் என்று பெயர். தைப்பவர்களில் பெண்கள் நிறைய, அவர்களுக்குத் துண்டுக் கணக்கில் கூலி. வெட்டுவதில் தவறினால் துணியே நஷ்டம் என்பதால் மாஸ்டருக்கு மரியாதையும் அதிகம், கூலியும் அதிகம்.

பெண்கள் குழு ஒன்று கனமான ஸ்ட்ரெய்ட் நைஃபை வாங்கும்போது இந்த ஏற்பாடு சத்தமில்லாமல் உள்ளே நுழைகிறது. தூக்க முடியவில்லை, சாணை பிடிக்கத் தெரியவில்லை, பயமாக இருக்கிறது என்று ஒரு மாஸ்டரை வைக்கிறார்கள். கத்தரிக்கோல் காலத்தில் வெட்டியதற்கும் சேர்த்துக் கிடைத்த கூலி இப்போது மாஸ்டருக்குப் போகிறது. அவர் வராத நாளில் தையலும் நிற்கிறது. கடன் பெண்களின் பெயரில், கத்தி வேறொருவர் கையில். சிந்தியை எடை போட்டுக் கொடுத்த வியாபாரியின் இடத்தில் இன்னொருவர் உட்கார்ந்துகொள்கிறார். அவர் கெட்டவராக இருக்க வேண்டிய அவசியம்கூட இல்லை. அந்த இடம் அப்படி.

இதற்காக ஸ்ட்ரெய்ட் நைஃபே கூடாது என்பதில்லை. பெண்களால் அதை ஓட்ட முடியாது என்பதும் இல்லை. மாதம் நூறு, இருநூறு ரஜாய் போகும் கூட்டுறவுக்கு அது தேவை. ஆனால் அப்போது மெஷின் விலையோடு இரண்டு பெண்களுக்கு வெட்டும் பயிற்சி, சாணை, சில்லறை ரிப்பேர் ஆகியவற்றின் செலவையும் சேர்த்தே கணக்குப் போட வேண்டும். வெட்டும் வேலைக்குத் தனிக் கூலியும் எழுத்தில் வேண்டும். இல்லாவிட்டால் அந்த வேலை எப்போதும் இலவசமாகவே கருதப்படும், ஓர் ஆண் வந்து செய்யும்வரை.

வாங்கும் முன்

மெஷின் கடைக்குப் போகும்போது சொந்தத் துணியை எடுத்துப்போவது நல்லது. கடைக்காரர் வைத்திருக்கும் மொடமொடப்பான துணியில் எந்த மெஷினும் நன்றாகத்தான் வெட்டும். 40 அடுக்கு விரித்து, குழுவில் வெட்டப்போகிறவர் தன் கையாலேயே ஐந்து அங்குலச் சதுரம் ஒன்றை வெட்டிப் பார்க்க வேண்டும். பிறகு மேல் துண்டு, நடுத்துண்டு, அடித்துண்டு மூன்றையும் எடுத்து ஒன்றன்மேல் ஒன்றாக வைக்க வேண்டும். ஓரங்கள் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் விலகினால் அடுக்கைக் குறைத்து மறுபடி வெட்டலாம். 20 அடுக்கிலும் விலகினால் வேறு மெஷின் பார்க்கலாம்.

இணைப்பு சிங்கிள் ஃபேஸா, த்ரீ ஃபேஸா என்பதையும் கேட்க வேண்டும். ஸ்ட்ரெய்ட் நைஃப் இரண்டிலும் வருகிறது. வீட்டு இணைப்பில் த்ரீ ஃபேஸ் மெஷின் ஓடாது. வெட்டிய துணியின் ஓரத்தில் எண்ணெய்க் கறை படிகிறதா என்பதையும் வெளிச்சத்தில் பார்த்துவிட வேண்டும். வெள்ளை ரஜாயில் ஒரு சொட்டு போதும்.

உருட்டுக் கத்தி, பாய், அளவுகோல் மூன்றோடு ஆரம்பித்து, ஆர்டர் நிலைத்தால் ரவுண்ட் கட்டருக்குப் போவது, கழிவுத் துணி என்றால் அச்சுக்குப் போவது, அதற்கும் மேல் வளர்ந்தால் ஸ்ட்ரெய்ட் நைஃபை யோசிப்பது. சிறிய குழுக்களுக்கு இதுதான் பாதுகாப்பான வரிசை. ஒவ்வொரு படியிலும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே. இதை நம்மில் யார் தூக்குவார், யார் ஓட்டுவார், பிளேடு மழுங்கினால் யார் சரிசெய்வார்? மூன்றுக்கும் குழுவுக்குள்ளேயே ஒரு பெயர் சொல்ல முடிந்தால் அந்த மெஷினை வாங்கலாம். சொல்ல முடியாதவரை கத்தரிக்கோலே மேல். அது மெதுவாக வெட்டும். ஆனால் அது அவர்கள் கையில் இருக்கும்.